பலாலிக்கும் திருச்சிக்கும் இடையில் எவ்வளவு தூரம்?

வன்னியில் வாழும் பெண்களாகிய எங்களுக்கு விமானம் என்றதும் பதுங்குகுழிதான் முதலில் நினைவுக்கு வரும். கிபிர் இரைச்சல் கேட்டதும் அடுப்பில் கிடந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாட்களை எங்களில் எவரும் மறந்துவிடவில்லை. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. வானத்தில் விமானம் போனால் முற்றத்துக்கு ஓடிப்போய்க் கைகாட்டுகிறார்கள். நாங்களோ இன்றைக்கும் ஒருகணம் திடுக்கிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கிறோம்.

இங்கே நான் எழுத வந்தது ஆட்களை ஏற்றிச் செல்லும் பயணிகள் விமானத்தைப் பற்றி. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நான் பலாலியிலிருந்து திருச்சிக்குப் போய்வந்தேன். 1990இல் படகேறிப்போன என் அக்காவைப் பார்ப்பதற்காகவே அந்தப் பயணம். போய்வந்த நாள்முதல் எங்கள் சேமிப்புக் குழுக் கூட்டங்களில் கணக்குப் பார்த்து முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். “எவ்வளவு தூரமக்கா? எத்தினை மணித்தியாலம் போகும்? எங்களைப் போல ஆக்கள் போகேலுமோ?” என்று கேட்பார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ்நாட்டு முகாம்களில் சகோதரமோ, மகளோ, பெறாமகனோ இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றையே இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஓடுதளத்தின் கதை

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. போர் முடிந்த பின் அது பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. எயார் சிலோன் என்ற இலங்கையின் முதலாவது தேசிய விமான சேவை 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி தனது முதற் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டகோட்டா விமானம் காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட இந்த நிலையத்தில் இறங்கி, பிறகுதான் சென்னைக்குப் போனது. நாட்டின் முதலாவது பயணிகள் சேவையே வடக்கைத் தொட்டுத்தான் சென்றது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிவைக்க வேண்டும்.

யுத்தம் தொடங்கியதும் பலாலி முற்றாகப் படைத்தளமாயிற்று. 1990இல் பலாலி, மயிலிட்டி, வசாவிளான் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். யுத்தம் முடிந்த பின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆனாலும் தங்கள் வளவுக்கு இன்னும் போகமுடியாத குடும்பங்கள் இருக்கின்றன. பலாலி நிலையத்தில் விமானமேறும் ஒவ்வொருவரும் அந்தக் குடும்பங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

போர்க்காலத்தில் குடாநாட்டு மக்களுக்கு ஏ9 வீதி இல்லை. கப்பலும் விமானமுமே வழி. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் தனியார் விமானங்கள் பறந்தன. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் காணாமற்போயிற்று. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 2012இல், இரணைதீவுக்கு அருகே கடலடியில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மீட்கப்பட்ட உடைகள் 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் உறவினர்களுக்குக் காட்டப்பட்டன. ஒரு சட்டையைப் பார்த்து, இது என் பிள்ளையுடையதுதான் என்று சொல்ல எத்தனை தாய்மார் போயிருப்பார்கள்! காணாமற்போனவர்களைத் தேடும் எங்களுக்கு அந்த வேதனையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது மூச்சுவிட்டோம். 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி அது மீண்டும் மூடப்பட்டது. குடாநாட்டவருக்கு மீண்டும் விமானமும் கப்பலும். நடுவில் கிடந்த வன்னிக்கு இரண்டுமில்லை. 2009 பெப்ரவரி முதல் மே வரை வன்னிக் கரையிலிருந்து காயக்காரரை ஏற்றிப்போன செஞ்சிலுவைக் குழுவின் ‘கிறீன் ஓசன்’ கப்பலைத்தான் எங்களில் பலர் ‘பயணம்’ என்று கண்டிருக்கிறோம்.

பலாலி மீண்டும் பொதுமக்களுக்கான சர்வதேச விமானநிலையமாக 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் திகதி திறக்கப்பட்டது. யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் என்பது அதன் பெயர். அடுத்த மாதம் இந்தியாவின் அலையன்ஸ் எயார் சென்னைக்குச் சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் அது நின்று, 2022ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி திரும்பவும் தொடங்கிற்று. 2024 செப்டெம்பர் முதலாம் திகதி இன்டிகோ நிறுவனம் சென்னைக்கும், 2025 மார்ச் 30ஆம் திகதி திருச்சிக்கும் சேவையைத் தொடங்கியது. நான் போனது இந்தத் திருச்சிச் சேவையில்தான்.

தூரத்தை நாங்களே கணக்கிடலாம்

விமானம் போகும் தூரத்தை வீதித் தூரத்தைப் போல அளப்பதில்லை. இரண்டு நிலையங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரமே வான்வழித் தூரம். பாடசாலையில் படித்த அகலக்கோடு நினைவிருந்தால் இதை நாங்களே கணக்கிடலாம். ஒரு பாகை அகலக்கோட்டுக்கு ஏறத்தாழ 111 கிலோமீற்றர். பலாலி 9.8 பாகையில் இருக்கிறது. இரத்மலானை 6.8 பாகையில் இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில், நேர் வடக்குத் தெற்காக இருப்பதால் வித்தியாசம் 3 பாகை. மூன்றை 111ஆல் பெருக்கினால் 333. சரியான தூரம் 330 கிலோமீற்றர் அளவில்தான் வருகிறது.

சென்னை விமானநிலையம் 13 பாகையில் இருக்கிறது. பலாலியிலிருந்து 3.2 பாகை வடக்கே. ஆகவே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். அதாவது பலாலியில் நிற்கும் ஒருவருக்குக் கொழும்பும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தூரம். ஒன்று தெற்கே, மற்றது வடக்கே.

திருச்சி வடமேற்கே சரிந்து இருக்கிறது. அதனால் வடக்குத் தூரத்தையும் மேற்குத் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வடக்கே 108 கிலோமீற்றரும் மேற்கே 149 கிலோமீற்றரும் வரும். இரண்டையும் வைத்து முக்கோணக் கணக்குப் போட்டால் 184 கிலோமீற்றர் அளவு. இதை நான் சொன்னபோது எங்கள் குழுவில் ஒருவரும் நம்பவில்லை. “அப்ப கொழும்பைவிடக் கிட்டவோ?” என்று கேட்டார்கள். ஆம், கிட்டத்தான். பலாலியிலிருந்து கொழும்புக்குள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் திருச்சி இருக்கிறது.

நேரம் ஏன் கூடுகிறது?

இந்தச் சேவையில் ஓடுவது ஏரிஆர் 72 என்னும் விமானம். இரண்டு இயந்திரங்களிலும் விசிறி சுழலும். எழுபதுக்கு மேற்பட்ட இருக்கைகள் உண்டு. பலாலியில் சேவை தொடங்கியபோது பயன்பாட்டுக்கு வந்த ஓடுதளம் 1,400 மீற்றர்தான். பெரிய ஜெற் விமானத்துக்கு அது போதாது. இப்படியான சிறிய விமானத்துக்குப் போதும். உயரத்தில் ஒரே சீராகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு.

அந்த வேகத்தில் 184 கிலோமீற்றரைக் கடக்க 22 நிமிடம் போதும். ஆனால் பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் என்று போட்டிருக்கும். கதவு மூடியதும் விமானம் மெதுவாக உருண்டு ஓடுதளத்தின் முனைக்குப் போகவேண்டும். மேலெழும்பும்போது முழு வேகம் இல்லை. இறங்குவதற்கும் பாதி வழியிலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. இறங்குமுன் காற்றின் திசைக்கு ஏற்ப ஒரு வளைவு எடுக்கிறது. இறங்கிய பின்னும் உருண்டுபோய்த்தான் நிற்கவேண்டும். குறுகிய தூரப் பயணத்தில் இந்த ஏறுதலும் இறங்குதலுமே பெரும்பகுதி. எங்கள் ஊர்ச் சந்திக்குச் சந்தி நிற்கும் பஸ்ஸைப் போலத்தான். வேகம் இருந்தும் நேரம் போய்விடும்.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு 417 கிலோமீற்றர் அளவு. அதுவும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். அங்கே ஓடுவது மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும் ஜெற் விமானம். ஆகவே ‘பலாலியால் போனால் பறக்கும் நேரம் பாதியாகிவிடும்’ என்று எவராவது சொன்னால் அது சரியல்ல. பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சமாவது நிலத்தில் செலவாகும் நேரம்.

மணிக்கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். இறங்கியதும் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டியதில்லை. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996இல் இலங்கையில் நேரத்தை முன்னே தள்ளினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்து ஆண்டுகளும் வன்னியில் பழைய நேரமே இருந்தது. ஓமந்தையைத் தாண்டி வவுனியாவுக்குப் போகிறவர்கள் “பழைய நேரமோ, புதிய நேரமோ?” என்று கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கும் கந்தோருக்கும் போவார்கள். ஒரே நாட்டுக்குள் அரை மணித்தியால வித்தியாசம் இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்த அக்காவுக்கும் எனக்கும் அப்போது ஒரே நேரம். ஆனால் பேசுவதற்கு வழி இருக்கவில்லை.

எங்கள் படலையிலிருந்து கணக்கு

விமானத்தின் கணக்கு ஓடுதளத்தில் தொடங்குகிறது. எங்கள் கணக்கு வீட்டுப் படலையில் தொடங்குகிறது. வன்னியில் பொதுமக்களுக்கான பயணிகள் விமானநிலையம் இல்லை. வவுனியாவிலும் இரணைமடுவிலும் உள்ளவை விமானப்படையின் ஓடுதளங்கள். ஆகவே எங்களுக்கு இரண்டு வழிகள்: வடக்கே பலாலி, தெற்கே கட்டுநாயக்க.

கிளிநொச்சியிலிருந்து பலாலிக்கு யாழ்ப்பாண நகரத்தினூடாக 80 கிலோமீற்றர் அளவு. முல்லைத்தீவிலிருந்து போகிறவர்கள் ஏ35 வீதியால் பரந்தனுக்கு வர 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட ஆகும். பிறகு ஏ9. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர் அளவு. இதற்கு எதிராகக் கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து, விடியப்புறம் இறங்கி, கைக்குழந்தையோடும் பொதிகளோடும் இன்னொரு வாகனம் பிடிக்க வேண்டும். வவுனியாவுக்குத் தெற்கே உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் ஏறத்தாழ சமமாகிவிடும். அவர்கள் செலவைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான் வீட்டிலிருந்து புறப்பட்டது காலை 6 மணிக்கு. யாழ்ப்பாணத்தில் பஸ் மாறிப் பலாலிக்குப் போய்ச் சேர 10 மணியாயிற்று. சர்வதேசப் பயணம் என்றபடியால் இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். பிற்பகலில் விமானம். திருச்சியில் குடிவரவுப் பகுதி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வர மாலை 5 மணி. பறந்த நேரத்தோடு பார்த்தால் 11 மணித்தியாலம் பெரிய நேரம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் அதற்கு முந்திய ஆண்டில் கட்டுநாயக்காவால் போனபோது, வீட்டிலிருந்து புறப்பட்டு அங்கே சேர ஓர் இரவும் ஒரு பகலும் ஆயிற்று. கொழும்பில் தங்குவதற்கு அறைச்செலவும் வந்தது. எனக்கு அந்தச் செலவு இருக்கவில்லை. இருட்டில் தனிய நிற்கவேண்டியும் வரவில்லை. தனியாகப் பிரயாணம் செய்யும் பெண்ணுக்கு இது சிறிய விசயமல்ல.

கடல்வழியும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்றுபோய் 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடலில் ஏறத்தாழ 4 மணித்தியாலம். காற்றுக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். விமானமோ கப்பலோ, நாட்களும் நேரமும் அடிக்கடி மாறும். பணம் கட்டுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். நகரத்தில் ஒரு பயண முகவர், வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு ‘விசேட அனுமதி’ எடுக்க வேண்டும் என்று சொல்லி என்னிடம் மேலதிகமாகப் பணம் கேட்டார். அப்படி ஓர் அனுமதி இல்லை. போர்க்காலத்துப் பாஸ் நடைமுறையை நினைத்து எங்கள் பெண்கள் இதை நம்பிவிடுகிறார்கள். கடவுச்சீட்டும் வீசாவும் பயணச்சீட்டும் இருந்தால் போதும். எவருக்குப் பணம் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

அக்கா போன தூரம்

அக்கா 1990இல் பேசாலையிலிருந்து படகேறினா. அத்தானும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கூட. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் 30 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் அக்காவுக்கு அது ஓர் இரவும் மறுநாள் மத்தியானமும் எடுத்தது. இருட்டில் படகுக்காரர் அவர்களை ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். தண்ணீர் கூடக்கூடப் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். காலையில் இராமேஸ்வரத்து மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். படகுக்கூலிக்குத் தாலிக்கொடி போயிற்று. மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு திருச்சியில் கொட்டப்பட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

35 வருடம் கழித்து நான் போனபோது, முகாமுக்குள் வெளியார் தங்குவதற்கு அனுமதி தேவை என்றபடியால் வெளியே ஓர் அறை எடுத்தேன். அக்கா அங்கே வந்தா. முதலில் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “உனக்கும் நரைச்சுப் போச்சடி பிள்ளை” என்றா.

கொட்டப்பட்டு முகாம் திருச்சி விமானநிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இறங்கும் விமானங்கள் தாழப் பறந்துபோகும். பலாலி விமானம் வரத் தொடங்கியது முதல் அதன் நேரத்தை அக்கா தெரிந்துவைத்திருக்கிறா. “மத்தியானம் விசிறி போட்ட பிளேன் ஒண்டு வரும். அதிலதான் எங்கட ஊர் ஆக்கள் வருவினம் எண்டு சொல்லுவினம். நான் உடுப்பு காயப்போடேக்க பாத்துக்கொண்டு நிப்பன். இண்டைக்கு நீ அதில வந்திருக்கிறாய்” என்றா.

எங்கள் அம்மா 2013இல் கிளிநொச்சியில் காலமானா. அக்கா செத்தவீட்டுக்கு வரவில்லை. வரமுடியவில்லை. கடவுச்சீட்டு இல்லை. முகாமிலுள்ளவர் வெளியேறும் அனுமதி பெற்று இலங்கைக்கு வந்தால் திரும்பிப் போகமுடியாது. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வருவதா? அந்த நாட்களில் அக்கா தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டா. “அம்மாவுக்கு எந்தச் சீலை கட்டினனீங்கள்?”

அக்காவின் இரண்டு பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள். கடைசி மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டாள். என்னைக் கண்டதும் “சித்தி” என்றாள். அக்கா உடனே, “சின்னம்மா எண்டு கூப்பிடு” என்றா. பிள்ளை சிரித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டாள். படிப்பு இருந்தும் குடியுரிமை இல்லாததால் அவளால் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. மகன்மார் இருவரும் பெயின்ற் வேலைக்குப் போகிறார்கள். 2021இல் தமிழ்நாட்டு அரசு சொன்ன கணக்கின்படி முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருந்தார்கள். வெளியில் பதிந்து இருந்தவர்கள் மேலும் 34,000 பேர். அதே ஆண்டில் முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. வீடுகளும் திருத்திக் கட்டப்படுகின்றன. அக்காவுக்கு இப்போது ஓட்டை இல்லாத கூரை இருக்கிறது. இங்கே வந்தால் என்ன இருக்கும் என்று அவ கேட்பது நியாயமான கேள்வி.

“அம்மாவின்ர காணியில உங்கட பங்கு அப்பிடியே கிடக்கு. கிணத்தடிப் பக்கம்” என்று சொன்னேன். “காணி கிடக்கும் பிள்ளை. என்ர பெடியளுக்கு அங்க ஆரைத் தெரியும்?” என்றா அக்கா. சற்றுநேரம் கழித்து, “நான் தனிய எண்டாலும் வந்து அம்மாவின்ர இடத்தில ஒரு விளக்கு வைச்சிட்டுத் திரும்பிப் போக ஏலுமெண்டால் நாளைக்கே வருவன்” என்றா. போய்த் திரும்பிவருவது எனக்கு ஒரு மணித்தியாலப் பறப்பு. அக்காவுக்கு அந்த வழி இல்லை. எனக்கும் அவவுக்கும் இடையிலிருந்த உண்மையான தூரம் இதுதான்.

பயணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தூரமும் நேரமும் தெரிந்தால் மட்டும் போதாது. வன்னிப் பெண்களைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது ஆவணங்கள். 2009இல் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் இழந்தவர்கள் நாங்கள். தேவை வருமுன்னரே பிரதேச செயலகத்தில் பிரதிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள்.

கடவுச்சீட்டுக்கு இப்போது கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் 2025 செப்டெம்பர் முதலாம் திகதி ஒன்று திறக்கப்பட்டது. இந்தியத் துணைத்தூதரகம் 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்குகிறது.

சிறுபிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். கணவர் காணாமலாக்கப்பட்ட பெண் என்ன செய்வது? மரணச் சான்றிதழ் எடுக்க எங்களில் பலர் மனம் ஒப்புவதில்லை. அது அவரவர் முடிவு. எவரும் வற்புறுத்த முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, மரணம் என்று பதியாமல், ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். பிரதேச செயலகத்திலோ காணாமற்போனோர் அலுவலகத்திலோ விசாரியுங்கள். கந்தோருக்குப் போகும்போது இதைக் காட்டி, தாயின் கையொப்பத்தோடு விண்ணப்பிக்க வழியுண்டா என்று கேளுங்கள். கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலைத் திகதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து திரும்பிவர விரும்பும் உறவுகள் இருந்தால் அவர்களுக்கு இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். முதலாவது, முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை பெறவேண்டும். அது இல்லாமல் பிள்ளைக்கு எந்த நாடும் இல்லை. இரண்டாவது, கடவுச்சீட்டு இல்லாமல் படகில் போனவர்கள் எந்த ஆயத்தமும் இல்லாமல் வந்து இறங்கக்கூடாது. 2025 மே மாதத்தில் முகாமிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் இறங்கியதும் கைதுசெய்யப்பட்டு, பின்னர் பிணையில் விடப்பட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. முகாம்களில் பணிபுரியும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திடமும், இங்கே ஒரு சட்டத்தரணியிடமும் முன்கூட்டியே கேட்டு, ஆவணங்களைச் சரிசெய்துகொண்டு வருவதே பாதுகாப்பு.

பொதிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சிறிய விமானம் என்றபடியால் நிறைக்கட்டுப்பாடு இறுக்கமானது. பயணச்சீட்டில் எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதோ அதற்குமேல் கொண்டுபோனால் காசு கட்ட வேண்டும். வீட்டில் தராசில் நிறுத்துப் பார்த்துக் கட்டுங்கள். நான் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் அம்மாவின் ஒரு சீலையும் கொண்டுபோனேன். சீலைக்கு நிறையே இல்லை.

சகோதரிகளே, விமானமேறுவது எங்களுக்குரிய விடயமல்ல என்று ஒதுங்கிவிடாதீர்கள். பலாலியில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அது யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு இன்னும் மூடியிருக்கிறது என்பதைத் தெரிந்தால்தான் மூடியிருக்கும் பக்கத்தைப் பற்றி நாங்கள் பேசமுடியும். முகாமில் இருப்பவர்கள் ஒரு செத்தவீட்டுக்காவது, ஒரு ஆண்டுத்திவசத்துக்காவது வந்து திரும்பிப்போக இரண்டு அரசாங்கங்களும் வழிசெய்ய வேண்டும் என்று எங்கள் மாதர் சங்கங்கள் எழுத்தில் கேட்கலாம். எங்கள் சங்கம் பிரதேச செயலகத்தினூடாக அப்படி ஒரு கடிதம் அனுப்ப முடிவுசெய்திருக்கிறது. உங்கள் கிராமத்திலிருந்தும் ஒன்று போகட்டும். கடிதத்தில் உறவின் பெயரையும், அவர் போன ஆண்டையும், எத்தனை வருடமாகக் காணவில்லை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.